‘மலாய்க்காரர்’ என்னும் பெயரும் அதன் பொருளும்

ஓர் இனத்தார் தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் பெயர் ஒன்று. அயலார் அவர்க்கு இட்டு வழங்கும் பெயர் வேறொன்று. இவ்விரண்டும் ஒன்றாய் அமைவது அரிது. அயலார் இட்ட பெயரில் அவர்தம் அறிவும் அறியாமையும், நட்பும் பகையும், சில வேளை இகழ்ச்சியும் படிந்து கிடக்கும். ஆதலின் ஒரு பெயரின் வரலாற்றை ஆராய்வது, அப்பெயருக்குரிய மக்களோடு அதனை வழங்குவோர் கொண்டிருந்த உறவின் வரலாற்றையும் ஆராய்வதாகும்.

இந்நாட்டில் தமிழர் மலாய் மக்களோடு அண்டை அயலாராய்ப் பல தலைமுறை வாழ்ந்து வருகின்றனர். எனினும் அம்மக்களைக் குறிக்கத் தமிழில் நாம் வழங்கும் சொற்களில் இன்றும் தெளிவு இல்லை. மாணவர் கட்டுரைகளில் மலாயர், மலேயர், மலாய்க்காரர், மலேசியர், பூமிபுத்திரர் என்னும் ஐந்து சொற்களும் ஒரே பொருளனபோல் மாறி மாறி வருவதைக் காண்கிறோம். தமிழகத்து ஏடுகளிலோ மலேசியர் என்றாலே மலாய்க்காரர் என்று கொள்ளும் வழக்கமும் உண்டு. இம்மயக்கம் எழுத்துப் பிழை அன்று, பொருட்பிழை. இந்நாட்டில் நாம் யார், அவர் யார், இருவரும் சேர்ந்து யார் என்னும் வினாவோடு தொடர்புடைய பிழை. ஆகவே இச்சொற்கள் வந்த வழியை ஈண்டு முறையாகக் காண்போம்.

சாவகரும் கடாரத்தாரும்

பண்டைத் தமிழர் கீழைக்கடல் தீவுகளின் மக்களை ஓர் இனமாகக் கண்டு ஒரே பெயர் இட்டதாகத் தெரியவில்லை. கலம் சென்று தங்கிய துறைமுகத்தின் பெயரும், அந்நாட்டின் பெயருமே மக்களுக்கும் பெயராயின. மணிமேகலைக் காப்பியம் சாவக நாட்டையும் அதன் தலைநகராகிய நாகபுரத்தையும் குறிப்பிடுகின்றது. 1006ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் எழுந்த சூளாமணிவர்ம விகாரத்தோடு தொடர்புடைய ஆனைமங்கலச் செப்பேட்டின் தமிழ்ப் பகுதி, அதனை எடுப்பித்த மன்னனைக் கடாரத்தரையன் என்கிறது. ஸ்ரீவிசயப் பேரரசின் வேந்தனுங்கூடத் தமிழர் வாய்மொழியில் ஒரு துறைமுகத்தின் அரசனாகவே நின்றான்.

இவற்றுள் சாவகர் என்ற சொல்லே மிகப் பரந்த பொருளைப் பெற்றது. யாவா என்னும் தீவின் பெயரோடு இயைந்த சொல்லாயினும், அது அத்தீவினரை மட்டும் குறித்து நின்றுவிடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தீபகற்பத்தின் வடபாலிருந்த தாமிரலிங்கத்தின் அரசன் சந்திரபானு, 1247ஆம் ஆண்டில் இலங்கைமேல் படையெடுத்தான். அவனை இலங்கை நூல்கள் சாவகன் என்றே குறித்தன. பாண்டியர் கல்வெட்டுகளும் சாவகனை வென்றதைப் பேசுகின்றன. யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி என்னும் ஊர்ப்பெயர் இச்சொல்லை இன்றும் தாங்கி நிற்கிறது. அரபு நாட்டாரும் இவ்வாறே கீழைத்தீவுகளின் முசுலிம்கள் அனைவரையும் ஜாவி என்றனர். மலாய் மொழியை அரபு வரிவடிவில் எழுதும் முறைக்கு ஜாவி என்று பெயர் வந்ததும் இதனாலேயே. ஆக, மலாய் மக்கள் தம்மை மெலாயு என்று அழைத்துக்கொண்டிருந்த காலத்தும், மேற்றிசைக் கடலோடிகளுக்கு அவர்கள் சாவகரும் ஜாவிகளுமாகவே விளங்கினர்.

மலையூர் என்னும் மயக்கம்

‘மெலாயு’ என்னும் பெயரின் வடிவம் தமிழில் வந்தேறியது முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் என்பது கல்வெட்டால் விளங்குகிறது. 1025ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த கடாரப் படையெடுப்பின் வெற்றிகளை அவனது மெய்க்கீர்த்தி வரிசைப்படுத்துகிறது. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், தக்கோலம், கடாரம் என நீளும் அப்பட்டியலில் உள்ள மலையூர், சுமத்திராவில் ஜாம்பி ஆற்றுப் பகுதியில் இருந்த மலாயு அரசே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

இவ்விடத்தில் தமிழாசிரியர் ஒரு நிலை நின்று சிந்தித்தல் வேண்டும். மலை, ஊர் என்னும் இரண்டும் தூய தமிழ்ச் சொற்களாதலின், மெலாயு என்னும் இனப்பெயரே தமிழிலிருந்து பிறந்தது என்று மேடைகளில் முழங்குவோர் உளர். கேட்பதற்கு இனிமையாயினும் இக்கூற்றுக்குச் சான்று போதாது. சோழன் படை கடல் கடப்பதற்கு ஏறத்தாழ 380 ஆண்டுகட்கு முன்னரே, கி.பி. 644-645இல், மலாயு நாட்டின் தூதர் சீன அரசவைக்குச் சென்ற செய்தி சீனக் குறிப்புகளில் பதிவாகியுள்ளது. 671இல் சீனத்தினின்று கலமேறிய இத்சிங் என்னும் பௌத்தத் துறவி, ஸ்ரீவிசயத்தில் ஆறு திங்களும் மலாயுவில் இரண்டு திங்களும் தங்கியதைத் தம் நூலில் எழுதியுள்ளார். 1286ஆம் ஆண்டுப் பாடாங் ரோச்சோக் கல்வெட்டு மலாயு நிலத்தைப் பெயர் சுட்டிக் கூறுகின்றது. அப்பெயர் அம்மண்ணில் ஊன்றி நின்ற பெயர். சோழன் வருகைக்காகக் காத்திருந்த பெயர் அன்று.

எனில் மலையூர் எப்படி வந்தது? அயன்மொழிப் பெயர் நம் செவியில் விழும்போது, நாமறிந்த சொல்லின் வடிவை அது ஏற்கும். மெய்க்கீர்த்தி பாடிய புலவர் மலாயு என்ற ஒலியைக் கேட்டார். அதற்கு மலையூர் என்னும் தமிழ் வடிவம் தந்தார். பின்னர் அவ்வூர்க்கு வலிய மலையே மதில் என்று சிறப்பித்தும் பாடினார். இஃது ஒரு புலவரின் சொல்நயம். அதனை வேர்ச்சொல் ஆராய்ச்சி எனக் கொள்வது தவறு. மெலாயு என்ற பெயரின் மூலம் குறித்து மலாய்நாட்டு மரபும் தன் கருத்துகளைக் கொண்டுள்ளது. மலாய் வரலாறு எனப்படும் செஜாரா மெலாயு, பலெம்பாங் நிலத்தில் மெலாயு என்னும் ஆறு ஒன்று உண்டு என்கிறது. ஓடுதல் என்னும் பொருளுடைய யாவகச் சொல்லோடு அப்பெயரை இணைப்போரும் உளர். முடிவான தீர்ப்பு எட்டப்படாத ஒன்றில், நம் மொழியின் பெருமைக்காக முடிவு கூறிவிடுதல் புலமைக்கு அழகன்று. பிறர் தம் பெயர் தமக்குரியது என்று எண்ணுங்கால், அது எம்மிடமிருந்து பெற்றது என்று உரிமை கொண்டாடுவது நட்புக்கும் அழகன்று.

வாயில் திறந்த பெயர்

சுமத்திராவின் ஓர் அரசுக்குப் பெயராயிருந்த மெலாயு, மலாக்காப் பேரரசு தழைத்த பதினைந்தாம் நூற்றாண்டில் ஒரு மொழிக்கும் ஒரு வாழ்க்கைமுறைக்கும் பெயராக விரிந்தது. இசுலாத்தைத் தழுவி, மலாய் மொழி பேசி, மலாய் வழக்கங்களை மேற்கொண்டவர் அவ்வினத்துள் கலந்தனர். இசுலாத்தில் சேர்வதையே ‘மெலாயுவில் நுழைதல்’ என்று மலாய்ப் பேச்சு வழக்கு குறித்தது. குருதியைவிட மொழியும் சமயமும் வழக்கமுமே அப்பெயரின் எல்லைக்கல்லாயின.

இவ்வாயில் வழியே தமிழரும் நுழைந்தனர். மலாக்காவின் பெண்டகாராவாக உயர்ந்த துன் முத்தாகிர், தமிழ் முசுலிம் வழித்தோன்றல் என்று செஜாரா மெலாயு காட்டுகிறது. நவீன மலாய் உரைநடையின் தந்தை எனப் போற்றப்படும் முன்சி அப்துல்லா, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மலாக்காவில் பிறந்தவர். அரபு, தமிழ்க் குருதிக் கலப்புடையவர். தம் தந்தையார் தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதை அவர் தம் வரலாற்று நூலில் எழுதியுள்ளார். மலாக்காவில் வணிகமும் கணக்கும் அம்மொழியில் நடந்தமையால், செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் பயில்வது அந்நகரின் பழைய வழக்கமாம். அந்நூலிலேயே அவர் மலாய் மக்களைப் பல இடங்களில் வெளியே நின்று நோக்கிப் பேசுகிறார். மலாய் இலக்கியத்தின் புதுநெறிக்கு வழிகாட்டியவரே அப்பெயரின் எல்லையில் நின்றவர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

மலாய்த் தாய்க்கும் தமிழ் முசுலிம் தந்தைக்கும் பிறந்தோர் ஜாவி பெரானக்கான் எனப்பட்டனர். 1876இல் சிங்கப்பூரில் தோன்றிய மலாய்மொழிச் செய்தித்தாள் ஒன்றுக்கு அப்பெயரே சூட்டப்பட்டது. நம் முன்னோர் வழங்கிய சாவகர் என்னும் சொல்லின் உடன்பிறப்பாகிய ஜாவி, இவ்வாறு இரு குருதிகளின் சந்திப்பில் வந்து நின்றது.

கணக்கேடு செய்த இனங்கள்

கோலாலம்பூரின் பழைய தெருப்பெயர்கள் ஒரு வரலாற்றுப் பாடம் ஆகும். மஸ்ஜித் இந்தியாவுக்கு அருகே ஜாலான் மெலாயு உள்ளது. அதற்குச் சிறிது தொலைவில், இன்று ஜாலான் துன் பேராக் என வழங்கும் சாலை முன்னாளில் யாவாத் தெரு எனப் பெயர் பெற்றிருந்தது. அண்டையில் அமைந்த இரு தெருக்களுக்கு மெலாயு என்றும் யாவா என்றும் தனித்தனிப் பெயர் இருந்தமையே, அன்று அவ்விரு மக்களும் வேறு வேறாக அறியப்பட்டனர் என்பதற்குச் சான்று. கிள்ளானில் கம்போங் ஜாவா என்னும் பெயர் இன்றும் உண்டு. சிலாங்கூரின் அரச மரபு பூகிஸ் வழியினது. 1867 முதல் 1874 வரை நடந்த கிள்ளான் போரில் பூகிஸ் வழியினரும், மண்டைலிங் மக்களும், பிறரும் வெவ்வேறு அணிகளில் நின்றனர். கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று மலாய்க்காரர் என ஒரே சொல்லால் நாம் குறிக்கும் மக்களின் முன்னோருள் மினாங்கபாவ், ராவா, மண்டைலிங், பூகிஸ், யாவகர் எனப் பலர் இருந்தனர்.

இவர்களை ஒரே தலைப்பின்கீழ்த் தொகுத்த பணியில் ஆங்கில ஆட்சியின் குடிக்கணக்குக்குப் பெரும்பங்கு உண்டு. நீரிணைக் குடியேற்றங்களில் 1891ஆம் ஆண்டு எடுத்த கணக்கு, ஆசிய மக்களை மூன்று பெருந்தலைப்புகளில் அடக்கியது: சீனர், மலாய்க்காரரும் தீவுக்கூட்டத்தின் பிற குடிகளும், தமிழரும் இந்தியாவின் பிற குடிகளும். இம்மூன்றாம் தலைப்பை நம் மாணவர்கள் ஊன்றி நோக்குதல் நன்று. அன்று தலைப்பில் தமிழர் என்ற பெயர் இருந்தது. பின்னர் எடுத்த கணக்குகளில் இந்தியர் என்ற சொல் தலைப்பாகித் தமிழர் அதனுள் ஒரு பிரிவாயினர். ‘பிற குடிகள்’ என்று ஒதுங்கி நின்ற யாவகரும் பூகிஸ்களும் காலப்போக்கில் மலாய்க்காரர் என்ற சொல்லுள் அடங்கினர். பன்மையை ஒருமையாக்கும் கணக்கேட்டின் தொழில் அவர்களிடமும் நடந்தது, நம்மிடமும் நடந்தது. ஆதலின் அப்பெயரைச் செயற்கையானது என்று எள்ளுவோர், இந்தியர் என்னும் நம் பெயரையும் அதே தராசில் நிறுத்திப் பார்த்தல் வேண்டும்.

1913இல் கூட்டு மலாய் மாநிலங்களில் இயற்றப்பட்ட மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம், மலாய்க்காரர் யார் என்பதற்குச் சட்ட வரையறை தந்தது. மலாய இனம் ஒன்றைச் சேர்ந்து, மலாய் மொழியையோ மலாய இனமொழி ஒன்றையோ வழக்கமாகப் பேசி, இசுலாத்தைப் பின்பற்றுபவர் என்பது அதன் கருத்து. நிலம் யாரிடம் இருக்கலாம் என்பதற்காக எழுந்த அவ்வரையறை, இனத்தின் வரையறையாகப் பின்னாளில் வேர்கொண்டது.

ஒரு பெயர் அகன்றிருக்கக்கூடிய காலம்

இப்பெயரின் வரலாற்றில் மறக்கப்பட்ட பக்கம் ஒன்று உண்டு. 1946 ஏப்ரல் முதல் நாள் ஆங்கிலேயர் மலாயன் ஒன்றியத்தை நிறுவினர். அதனை எதிர்த்து அவ்வாண்டு மே மாதம் அம்னோ தோன்றியது. ஒன்றியத்துக்கு மாற்றாக ஆங்கிலேயரும் அம்னோவும் சுல்தான்களும் கூடி வகுத்த திட்டத்தை ஏற்காத பலர் வேறோர் அணியாகத் திரண்டனர். மலாய் இயக்கங்களின் கூட்டணியாகிய புத்ராவும், பிற இனத்தாரின் அமைப்புகள் சேர்ந்த அனைத்து மலாயாக் கூட்டு நடவடிக்கைப் பேரவையும் இணைந்து 1947இல் மக்கள் அரசியலமைப்புத் திட்டம் ஒன்றை முன்வைத்தன. ஜான் திவி தலைமையில் 1946இல் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரசு அப்பேரவையில் இடம்பெற்றிருந்தது.

அத்திட்டத்தின்படி, இந்நாட்டைத் தாயகமாகக் கொள்ளும் குடிமக்கள் அனைவர்க்கும் பொதுப்பெயர் ‘மெலாயு’ என்பதாம். சமயம் அதற்கு நிபந்தனை ஆகாது. புத்ரா வேண்டியது, பேரவை ஏற்றது. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வேக் குடியிருப்பில் வாழ்ந்த தமிழனும், கிள்ளான் தோட்டத்தில் பால்மரம் சீவிய தமிழச்சியும், அத்திட்டம் நிறைவேறியிருப்பின் தம் சமயமும் தாய்மொழியும் மாறாமலே குடியுரிமையால் மெலாயு எனப் பெயர் பெற்றிருப்பர். 1947 அக்டோபர் 20இல் நாடெங்கும் கடையடைப்பு நடந்தது. எனினும் ஆங்கில ஆட்சி அத்திட்டத்தை ஏற்கவில்லை. 1948 பிப்ரவரி முதல் நாள் மலாயாக் கூட்டரசு பிறந்தது. மலாய் மொழியில் அதன் பெயர் பெர்செக்குத்துவான் தானா மெலாயு. மெலாயு நிலத்தின் கூட்டரசு என்பது பொருள். ஆங்கிலத்திலும் தமிழிலும் மலாயா என்று எழுதிய நாம், மலாய் மொழியில் அச்சொல் நிலத்தையும் இனத்தையும் பிணைத்து நின்றதை உணராமலே எழுதினோம்.

அத்திட்டம் சரியா தவறா என்பது அரசியலாரின் வாதம். ஓர் இனத்தின் பெயரை ஒரு நாட்டின் பெயராக விரிக்க மலாய்த் தலைவர் சிலரே முன்வந்தனர் என்பதும், அவ்வழைப்பைத் தமிழர் இடம்பெற்ற பேரவை ஏற்றது என்பதும் வரலாறு. இந்நாட்டில் இனங்கள் எந்நாளும் எதிரெதிராகவே நின்றன என்று கூறுவோர்க்கு இவ்வொரு நிகழ்ச்சியே மறுமொழியாகும்.

சட்டத்தின் சொல்லும் வழக்கின் சொல்லும்

1957 ஆகஸ்டு 31இல் நாடு விடுதலை பெற்றது. கூட்டரசு அரசியலமைப்பின் 160ஆம் விதி மலாய்க்காரர் என்பதற்குப் பொருள் வகுத்துள்ளது. இசுலாத்தைப் பின்பற்றுதல், மலாய் மொழியை வழக்கமாகப் பேசுதல், மலாய் வழக்காறுகளைக் கடைப்பிடித்தல் என்பன மூன்று இலக்கணங்கள். விடுதலை நாளுக்கு முன் கூட்டரசிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவர், அல்லது அந்நாளில் அங்கு நிலையாக வாழ்ந்தவர், அல்லது அத்தகையோரின் வழிவந்தவர் என்ற பிறப்பிடத் தொடர்பும் வேண்டும். மலாக்காக் காலத்து மரபை ஒட்டி மொழி, சமயம், வழக்கம் என்னும் மூன்றின் மேலேயே இச்சட்டமும் நிற்பது கருதத்தக்கது.

1963 செப்டம்பர் 16இல் மலேசியா தோன்றியபின் மலேசியர் என்னும் சொல் குடியுரிமைப் பெயராயிற்று. மலாய்க்காரர் மலேசியர், சீனரும் தமிழரும் கடசானும் ஈபானும் மலேசியரே. ஆகவே ‘மலேசியரும் தமிழரும்’ என்று எழுதும் மாணவன், தன்னை அறியாமலே தன்னை நாட்டுக்கு வெளியே நிறுத்திவிடுகிறான். ஒரு சிறு உம்மைத் தொடர் குடியுரிமையையே பறித்துவிடுகிறது! ஆசிரியர் சிவப்பு மையால் திருத்த வேண்டிய முதற்பிழை இதுவே.

பூமிபுத்திரர் என்னும் சொல்லை நாம் இன்னும் விழிப்போடு கையாளுதல் வேண்டும். பூமி, புத்திரன் ஆகிய வடசொற்கள் இரண்டும் தமிழர் நாவில் நெடுங்காலம் பழகியவை. மண்ணின் மைந்தர் எனத் தமிழாக்கியும் வழங்குகிறோம். இச்சொல் அரசியலமைப்பில் இல்லை. அதன் 153ஆம் விதி மலாய்க்காரரையும் சபா, சரவாக் சுதேசிகளையும் பெயர் சுட்டிக் குறிக்கிறது. 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பின் பூமிபுத்திரர் என்பது ஆட்சி வழக்கில் பரவிற்று. மலாய்க்காரர் அனைவரும் பூமிபுத்திரர். ஆயினும் பூமிபுத்திரர் அனைவரும் மலாய்க்காரர் ஆகார். ஈபானும் கடசானும் தீபகற்பத்து ஒராங் அஸ்லியும் அவ்வகைப்பாட்டில் அடங்குவர். ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றுச் சொல்லாக எழுதுவது தவறு. இம்மண்ணிலே பிறந்து இம்மண்ணிலே மறைந்த மூன்று தலைமுறையின் பேரன், மண்ணின் மைந்தர் என்ற தொடரைப் படிக்கும்போது அவன் நெஞ்சில் ஒரு வினா எழுதல் இயற்கை. அவ்வினாவை ஆசிரியர் அடக்கிவிட வேண்டியதில்லை. சட்ட வகைப்பாட்டுக்குரிய கலைச்சொல் வேறு, மண்ணின்மேல் மனிதன் கொள்ளும் அன்பு வேறு என்று விளக்கினால் போதும்.

தமிழில் எதனை வழங்குவது?

தமிழர், சீனர், சிங்களவர் என்று எழுதும் நாம் மலாய்க்காரர் என்று மட்டும் ‘காரர்’ சேர்த்தெழுதுவது ஏன் என்று வினவுவோர் உளர். மலாயர் என்ற வடிவமும் பழைய எழுத்துகளில் உண்டு. ஆனால் மலாயா நாட்டில் வாழ்வோர் அனைவரையும் மலாயர் என்றும் மலேயர் என்றும் குறித்த வழக்கு நாட்டில் இருந்தமையால், அவ்வடிவம் இருபொருள்பட நின்றது. மலாய்க்காரர் என்பதில் அம்மயக்கம் இல்லை. ஊர்க்காரர், வீட்டுக்காரர் என்பனபோல உரிமைப் பொருள் தரும் ஈறு அது; மலாய் மொழிக்கும் மரபுக்கும் உரியவர் எனப் பொருள்படும். இவ்வீற்றில் இழிவு யாதுமில்லை. இழிவு புகுவது ‘அர்’ ஈற்றை ‘அன்’ ஆக்கிப் பேசும்போது! மூத்தோரையும் அயலாரையும் அர் ஈற்றால் குறிப்பது தமிழ்ப் பண்பு. இனப்பெயருக்கும் அது பொருந்தும்.

இனி, எழுத்தில் ஏறாமல் பேச்சில் மட்டும் வாழும் பட்டப்பெயர்கள் சில உள. அவற்றை இங்கே எழுதி வாழ்நாள் நீட்டிக்க விரும்பவில்லை. ஒன்று மட்டும் கூறலாம். கெலிங் என்னும் சொல் நம்மவர்க்கு எத்துணைப் புண்தருவது என்பதை நாம் அறிவோம். கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரடியாகப் பிறந்த அச்சொல், செஜாரா மெலாயுவில் இழிவின்றியே வருகிறது. மலாக்காவின் தஞ்சோங் கெலிங், பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆகிய பெயர்களிலும் அது பெருமையோடு நிற்கிறது. பிற்காலத்தில் ஏளனக் குரலில் வழங்கப்பட்டமையாலேயே அது வசைச்சொல்லாயிற்று. 1971இல் வெளிவந்த அப்துல்லா உசேனின் இந்தர்லோக் நாவல் 2011இல் ஐந்தாம் படிவப் பாடநூலானபோது, அதில் இந்தியரைக் குறித்த சாதி இழிசொல் பெருங்கிளர்ச்சியை எழுப்பியது. அவ்வாண்டின் இறுதியில் அந்நூலை மீட்டுக்கொள்ளும் முடிவு அறிவிக்கப்பட்டது. ஒரு சொல்லுக்காக இத்துணைத் துயருற்ற சமுதாயம், தன் நாவிலுள்ள சொற்களையும் ஆராய்ந்து களைதல் முறையல்லவா? நமக்கு வேண்டும் மதிப்பைப் பிறர்க்கு நாமே முதலில் அளித்தல் அறம்.

ஆகவே ஆசிரியப் பெருமக்கள் வகுப்பறையில் இவ்வேறுபாடுகளை நிலைநாட்டுதல் நலம். இனத்தைக் குறிக்க மலாய்க்காரர். மொழியைக் குறிக்க மலாய் மொழி. குடியுரிமையைக் குறிக்க மலேசியர். சட்ட வகைப்பாட்டைக் குறிக்கும் இடத்து மட்டும் பூமிபுத்திரர். 1963க்கு முற்பட்ட தீபகற்பத்தைக் குறிக்கும் இடத்து மலாயா. பழந்தமிழ் நூல்களையும் கல்வெட்டுகளையும் விளக்குமிடத்துச் சாவகர், மலையூர் ஆகியவற்றை அவ்வக் காலத்துச் சொற்களாகவே காட்டுதல் வேண்டும். இன்றைய இனப்பெயரோடு அவற்றை ஒட்டிவிடுதல் கூடாது.

ஆயிரம் ஆண்டுகட்கு முன் ஒரு தமிழ்ப் புலவர் தம் செவிக்கு எட்டிய அயற்பெயரைத் தமக்கு வேண்டிய வடிவில் கல்லில் பொறிக்கச் செய்தார். அவர் அம்மக்களைக் கண்டிருக்கவும் மாட்டார். நாமோ பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் ஒரே சந்தையில் அவர்களோடு காய்கறி வாங்குகிறோம். ஒரே பேருந்தில் செல்கிறோம். அவர்தம் மொழியில் தேர்வு எழுதுகிறோம். அவர் பெயரைப் பிழையற எழுதாமைக்கு நமக்குச் சாக்கு இல்லை.